லண்டன் டூ டார்வின்: நேரடி விமானத்தில் 18 மணி நேரம்... அன்று 19 நாள்! தனி ஆளாகப் பறந்த ஏமி ஜான்சனின் கதை

லண்டனில் இருந்து ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் உள்ள டார்வின் நகரம் எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 13,850 கி.மீ. கொரோனா காலத்தில் இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் எங்கும் நிற்காத நேரடி விமானத்தை இயக்கியது. அதில் பயண நேரம் 17 முதல் 18 மணி நேரம். சாப்பிட்டு, இரண்டு படம் பார்த்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும்.

இதே பயணத்தை 1930-ஆம் ஆண்டு 26 வயதுப் பெண் ஒருவர் தனி ஆளாகச் செய்தார். கூரை இல்லாத, மரமும் துணியும் கொண்டு செய்யப்பட்ட ஒரு சின்ன விமானம். ரேடியோ கிடையாது. வழி சொல்ல ஆள் கிடையாது. அவருக்கு ஆன நேரம் 19 நாட்களுக்கும் மேல். அவர்தான் ஏமி ஜான்சன்.

ஊர்களுக்கு நடுவே இருக்கும் தூரம் மாறவே இல்லை. அப்படியென்றால் 19 நாள் எப்படி 18 மணி நேரமாகச் சுருங்கியது? விமானத்தின் வேகம் மட்டும்தான் காரணமா? ஏமியின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

யார் இந்த ஏமி ஜான்சன்?

இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக நகரத்தில் 1903-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவர் ஏமி. அப்பா மீன் வியாபாரி. ஓரளவு வசதியான குடும்பம். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து பட்டம் வாங்கினார். பிறகு லண்டனுக்கு வந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

பகலில் டைப் அடிக்கும் வேலை. மீதி நேரமெல்லாம் லண்டனின் ஸ்டாக் லேன் விமானத் திடலில்தான். அங்கே இருந்த லண்டன் ஏரோப்ளேன் கிளப்பில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார். 1929 ஜூலையில் விமானி உரிமம் கையில் வந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. விமானக் கொட்டகைக்குள் போய், எண்ணெய்க் கறையோடு நின்று, மெக்கானிக்குகளிடம் இன்ஜினைப் பிரிக்கவும் மாட்டவும் கற்றார். அந்த வேலைக்கான தரைப் பொறியாளர் உரிமத்தையும் வாங்கினார். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பறக்கத் தெரிந்த பெண்கள் அப்போது சிலர் இருந்தார்கள். இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பெண்கள் மிக அரிது. இந்த வித்தை பின்னால் அவர் உயிரையே காப்பாற்றியது.

ஏன் ஆஸ்திரேலியா?

விமானம் ஓட்டுவதையே பிழைப்பாக்க வேண்டும் என்பது ஏமியின் ஆசை. ஆனால் 1930-இல் ஒரு பெண்ணை நம்பி விமானத்தைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. யாராலும் மறுக்க முடியாத அளவுக்கு ஒரு காரியத்தைச் செய்து காட்டினால்தான் கதவு திறக்கும் என்ற நிலை.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து கப்பல் ஏறினால் சிட்னி போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். விமானத்தில் முதன்முதலாக அந்தத் தூரத்தைக் கடந்தவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள். 1919-இல் இரண்டு மெக்கானிக்குகளையும் உடன் அழைத்துக்கொண்டு கிளம்பி, சுமார் 28 நாட்களில் டார்வின் வந்தார்கள். 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் தனி ஆளாகப் பறந்து, அதைப் பதினைந்தரை நாட்களாகக் குறைத்தார்.

ஹிங்க்லரின் இந்தச் சாதனையை முறியடிக்க வேண்டும் என்பதுதான் ஏமியின் குறி. ஆனால் அதுவரை அவர் ஓட்டிய மிக நீண்ட பயணமே லண்டனில் இருந்து சொந்த ஊரான ஹல் வரைக்கும்தான்! கடல் தாண்டிப் பறந்த அனுபவம் துளியும் கிடையாது.

பணம் கேட்டு பல கதவுகளைத் தட்டினார். பெரும்பாலும் ஏமாற்றம். கடைசியில் அப்பா பாதிப் பணம் தர, எண்ணெய் நிறுவன அதிபர் வேக்ஃபீல்ட் பிரபு மீதியைத் தந்ததோடு வழிநெடுக பெட்ரோலுக்கும் ஏற்பாடு செய்தார். 600 பவுண்டுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மோத் விமானம் வாங்கப்பட்டது. அதற்கு 'ஜேசன்' என்று பெயர் வைத்தார் ஏமி. அது அப்பாவுடைய மீன் வியாபாரத்தின் வணிகப் பெயர்.

வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு

முந்தைய விமானிகள் பலரும் இத்தாலி, மத்தியதரைக் கடல் வழியாகச் சுற்றிப் போனார்கள். ஏமி வேறு மாதிரி யோசித்தார். வரைபடத்தின் மீது ஸ்கேலை வைத்து ஒரு நேர்க்கோடு போட்டார். வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஜாவா, திமோர், டார்வின். சுற்றாமல் போனால் நாட்கள் மிச்சம் என்பது கணக்கு.

ஆனால் பூமி உருண்டை. தட்டையான வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு, உண்மையில் மிகக் குறுகிய பாதையாக இருக்காது. லண்டனில் இருந்து டார்வினுக்கு மிகக் குறுகிய வழி ரஷ்யா, மத்திய ஆசியா, சீனா மேலே வளைந்து போகிறது. அதைத்தான் 13,850 கி.மீ. என்கிறோம்.

அந்த வழியில் போக ஏமியால் முடியாது. காரணம், பெட்ரோல். கூடுதல் டாங்குகள் பொருத்தியும் ஜேசனால் ஒரு பகல் முழுக்கப் பறக்கத்தான் முடியும். அதனால் எங்கே பெட்ரோல் கிடைக்குமோ, எங்கே இறங்க இடம் இருக்குமோ, அந்த ஊர்கள் வழியாகத்தான் பாதை. ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போனதில் தூரம் சுமார் 17,700 கி.மீ. ஆனது. அதாவது கிட்டத்தட்ட 3,850 கி.மீ. கூடுதல்!

ஆறே நாளில் கராச்சி

1930 மே 5-ஆம் தேதி காலை லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் இருந்து ஏமி கிளம்பினார். வழியனுப்ப அப்பாவும் நண்பர்கள் சிலரும்தான் வந்திருந்தார்கள். பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஜேசனின் வேகம் மணிக்கு சுமார் 137 கி.மீ. கூரை இல்லாததால் காற்று முகத்தில் அறையும். கூடுதல் டாங்கில் இருக்கும் பெட்ரோலை மேல் டாங்குக்குக் கையாலேயே பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். அதன் வாடை குமட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கை பம்பில், இன்னொரு கை விமானத்தில். இப்படித்தான் பல மணி நேரம் போனது.

நேர்க்கோட்டுப் பாதை துருக்கியின் டாரஸ் மலைத்தொடரை ஊடறுத்துப் போனது. மலை உயரத்துக்கு மேலே ஏற விமானத்தால் முடியவில்லை. பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து போனபோது மேகம் கண்ணை மறைக்க, பாறையில் மோதாமல் தப்பியது மயிரிழையில்தான்.

பாக்தாத்துக்குப் போகும் வழியில் மணல் புயல். எதுவும் தெரியாமல் பாலைவனத்திலேயே இறங்கினார். காற்று விமானத்தைப் புரட்டிவிடாமல் இருக்க, பெட்டிகளைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, தானே வாலின் மீது உட்கார்ந்துகொண்டு புயல் ஓயும்வரை காத்திருந்தார்.

இத்தனைக்கும் பிறகு மே 10-ஆம் தேதி கராச்சி. லண்டனை விட்டுக் கிளம்பி ஆறே நாள்! இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் லண்டன் - கராச்சி பயணிகள் சேவையே அப்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. ஹிங்க்லரைவிட ஏமி இரண்டு நாள் முந்தியிருந்தார். அதுவரை சும்மா இருந்த பத்திரிகைகள் அன்றைக்குத்தான் விழித்துக்கொண்டன. மறுநாள் உலகம் முழுக்க அவர் பெயர்தான் பேச்சு.

ஜான்சியில் இறங்கிய விமானம்

கராச்சியில் இருந்து ஒரே தாவலில் அலகாபாத் போக வேண்டும் என்பது திட்டம். ஆனால் எதிர்க்காற்றில் பெட்ரோல் கரைந்துபோனது. வேறு வழியில்லாமல் ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் விமானத்தை இறக்கினார். வானத்தில் இருந்து திடீரென வந்து விழுந்த விமானத்தைப் பார்த்து சிப்பாய்கள் சிதறி ஓடினார்கள். இறக்கையில் அடி. இரவோடு இரவாக அதற்கு ஒட்டுப் போட்டு, மறுநாள் அதிகாலையிலேயே கிளம்பினார். அலகாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மே 12-ஆம் தேதி கல்கத்தா வந்தார்.

தினமும் இரவில் அவருக்குக் கிடைத்த தூக்கம் சில மணி நேரம்தான். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலை இன்ஜினைப் பார்ப்பது. பிளக் கழற்றித் துடைத்து, எண்ணெய் மாற்றி, வடிகட்டி சுத்தம் செய்து முடித்த பிறகுதான் சாப்பாடு. ஸ்டாக் லேனில் கற்ற மெக்கானிக் வேலைதான் அவரைப் பறக்க வைத்தது.

ரங்கூனில் போன மூன்று நாள்

மே 13-ஆம் தேதி கல்கத்தாவில் இருந்து பர்மா நோக்கிப் பறந்தார். அங்கே பருவமழை கொட்டியது. ரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டும். மழையில் அது கண்ணில் படவே இல்லை. பக்கத்தில் உள்ள இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடல் தெரிய, அதில் இறக்கினார். ஓடிய விமானம் ஓரத்தில் இருந்த பள்ளத்தில் தலைகுப்புறப் பாய்ந்தது. புரொப்பெல்லர் உடைந்தது. இறக்கை கிழிந்தது.

அதிர்ஷ்டம், அது ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தின் திடல். அங்கிருந்தவர்கள் ஓடி வந்து உதவினார்கள். இறக்கையின் மரச்சட்டங்களைப் புதிதாகச் செய்தார்கள். மேலே ஒட்ட விமானத் துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டினார்கள்! புரொப்பெல்லர் பிரச்னை இல்லை. விமானத்தின் பக்கவாட்டில் ஒரு மாற்று புரொப்பெல்லரைக் கட்டியே எடுத்து வந்திருந்தார் ஏமி.

மே 16-ஆம் தேதிதான் மறுபடி பறக்க முடிந்தது. ஹிங்க்லரை முந்தி வைத்திருந்த இரண்டு நாளும் போச்சு. சாதனையும் கை நழுவியது. இருந்தாலும் ஏமி திரும்பவில்லை. பாங்காக், சிங்கப்பூர் தாண்டி ஜாவாவில் ஒரு சர்க்கரை ஆலைத் தோட்டத்தில் இறங்கியபோது, நட்டு வைத்திருந்த மூங்கில் குச்சிகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. இந்த முறை ஓட்டைகளை அடைத்தது காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி!

திமோர் தீவில் ஒரு நாள் முழுக்க அவரைப் பற்றித் தகவலே இல்லை. விமானத் திடலைக் கண்டுபிடிக்க முடியாமல், கரையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கியிருந்தார். கடலில் விழுந்திருப்பாரோ என்று உலகமே பதறியது. கடைசிக் கட்டம், சுமார் 800 கி.மீ. திமோர் கடல். நடுவில் இறங்க ஒரு திட்டு கூட இல்லை. அதையும் கடந்து மே 24-ஆம் தேதி பிற்பகல் டார்வினில் தரையிறங்கினார். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண்!

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். 17,700 கி.மீ. தூரத்தை மணிக்கு 137 கி.மீ. வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் 129 மணி நேரம். அதாவது ஐந்தரை நாள் கூட இல்லை.

ஆனால் ஏமிக்கு ஆனது பத்தொன்பதரை நாள், அதாவது 468 மணி நேரம். மிச்சம் இருக்கும் சுமார் 340 மணி நேரம் எங்கே போனது? எல்லாம் தரையில்தான். இரவில் பறக்க முடியாது. பெட்ரோல் நிரப்ப வேண்டும். இன்ஜினைப் பார்க்க வேண்டும். உடைந்ததை ஒட்ட வேண்டும். மழை விட வேண்டும். மொத்தப் பயணத்தில் நான்கில் ஒரு பங்கு நேரம்தான் வானத்தில் கழிந்தது!

அதாவது, தொலைதூர விமானப் பயணத்தில் நேரத்தைத் தின்பது தூரம் மட்டுமல்ல, நிறுத்தங்கள்தான். அதற்குப் பின் வந்த வரலாறும் இதையேதான் காட்டுகிறது. 1947-இல் குவாண்டாஸ் தொடங்கிய சிட்னி - லண்டன் சேவைக்கு நான்கு நாள் ஆனது. வழியில் பல ஊர்களில் நின்று நின்றுதான் போனது. ஜெட் விமானங்கள் வந்ததும் வேகம் கூடியது, நிறுத்தங்களும் குறைந்தன. 2018 மார்ச் மாதம் பெர்த் - லண்டன் இடையே நிற்காத சேவை வந்தது. சுமார் 14,500 கி.மீ., 17 மணி நேரம்.

இன்றைய விமானம் ஜேசனைவிட ஆறு, ஏழு மடங்குதான் வேகம். ஆனால் பயண நேரம் 25 மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் ஏமி தரையில் கழித்த நாட்கள்தான்.

புகழும் அதன் பிறகும்

சாதனையைத் தவறவிட்டோம் என்ற வருத்தத்தோடு டார்வினில் இறங்கியவருக்குக் கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. போன இடமெல்லாம் கூட்டம். பிரிட்டன் அரசு சி.பி.இ. விருது கொடுத்தது. டெய்லி மெயில் நாளிதழ் 10,000 பவுண்ட் வழங்கியது. அவரைப் பற்றிப் பாட்டே வெளியானது. ஓயாத வரவேற்புகளும் கூட்டங்களும் அவரை உடலளவில் வாட்டி எடுத்தன.

1931-இல் மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸுடன் லண்டனில் இருந்து டோக்கியோவுக்குப் பறந்தார். 1932-இல் ஜிம் மோலிசன் என்ற விமானியைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் - கேப் டவுன் தூரத்தை 4 நாள் 7 மணி நேரத்துக்குள் தனியாகக் கடந்தார். அவர் முறியடித்தது யாருடைய சாதனை தெரியுமா? சொந்தக் கணவருடையதை!

1934-இல் இங்கிலாந்து - மெல்போர்ன் விமானப் பந்தயத்தில் இருவரும் சேர்ந்து கலந்துகொண்டார்கள். கராச்சி வரை முன்னணியில் இருந்தும், இன்ஜின் கோளாறால் அலகாபாத்தோடு விலக வேண்டியதாயிற்று. ஜெயித்த விமானம் மெல்போர்னுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 71 மணி நேரம். ஏமியின் 19 நாளுக்குப் பிறகு நான்கே ஆண்டில் இவ்வளவு மாற்றம். 1938-இல் ஏமி - மோலிசன் மண வாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது.

கடைசிப் பயணம்: சுமார் 250 கி.மீ.தான்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-இல் ஏமி, விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலைகளில் இருந்தும் தளங்களில் இருந்தும் ராணுவ விமானங்களை ஓட்டிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் ஒப்படைக்கும் வேலை.

1941 ஜனவரி 5-ஆம் தேதி. ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்ட் ரக விமானம் ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள கிட்லிங்டன் தளத்தில் ஒப்படைக்க வேண்டும். முதல் நாள் இரவு பிளாக்பூலில் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து கிட்லிங்டன் சுமார் 250 கி.மீ. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேர வேலை. 17,700 கி.மீ. பறந்தவருக்கு இது பக்கத்து ஊர் மாதிரி.

ஆனால் வானிலை மோசம். எங்கும் அடர்ந்த மேகம். காலையில் கிளம்பியவர் பல மணி நேரமாகியும் வந்து சேரவில்லை. பிற்பகலில் அவர் கண்ணில் பட்டது, போக வேண்டிய இடத்தில் இருந்து சுமார் 175 கி.மீ. தள்ளி, ஹெர்ன் பே அருகே தேம்ஸ் கழிமுகத்தில். பாராசூட்டில் குதித்து, உறைய வைக்கும் தண்ணீரில் விழுந்திருந்தார்.

அந்த வழியே போன ஹேசில்மியர் என்ற கடற்படைக் கப்பல் காப்பாற்ற முயன்றது. முடியவில்லை. தண்ணீரில் குதித்த கப்பலின் தளபதி வால்டர் ஃபிளெட்சரும் குளிரில் உயிரிழந்தார். ஏமியின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37. வழி தவறினாரா, வேறு ஏதாவது நடந்ததா என்ற விவாதம் இன்றைக்கும் ஓயவில்லை.

ஏமி டார்வினுக்கு ஓட்டிப்போன ஜேசன், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பச்சை நிற உடல், திறந்த இருக்கை, ஒரு ஆள் எட்டித் தொடும் உயரம். சட்டைத் துணியும் பிளாஸ்திரியும் ஒட்டி, உலகத்தின் பாதியைக் கடந்த விமானம் அதுதான்.